காலி இருக்கு, இடமில்லை: மைக்ரோபைத்தான் பெட்டியில் மெமரிக் கோளாறு பார்க்கும் முறை

"தம்பி, பெட்டி நாலு நாள் நல்லாத்தானுங்க ஓடுது. அஞ்சாம் நாள் போய்ப் பார்த்தா பேச்சு மூச்சில்லை. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா மறுக்கா நாலு நாள்."

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோப்புக்காரர் போனில் சொன்னது. போர் மோட்டாரின் மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜையும் கரண்டையும் கவனித்து, தண்ணியில்லாமல் ஓடினால் நிறுத்தி, செல்போனுக்குச் சேதி அனுப்பும் பெட்டி அது. உள்ளே இஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் சிப், அதற்குள் மைக்ரோபைத்தான், அதாவது இந்த மாதிரிச் சின்ன சிப்புகளில் ஓடும்படி சுருக்கிய பைத்தான் நிரல்மொழி. இதே பெட்டி கோவை கணபதியில் என் பட்டறையில் மூன்று வாரம் சோதனையில் ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. பட்டறையில் சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவோம். தோப்பில் இருந்த பெட்டிக்குப் பேட்டரி உண்டு; மும்முனைக் கரண்ட் வந்தாலும் போனாலும் அது தூங்காது. நான்கு நாள் நிற்காமல் ஓடிய பெட்டியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மெமரி எரர் என்றதும் எங்கள் பட்டறைப் பையன்கள் செய்கிற முதல் காரியம், நிரலில் இருக்கும் கமெண்ட்டை எல்லாம் அழிப்பது. அதில் ஒரு பைட்கூட மிச்சமாகாது. கமெண்ட்டைப் படிக்கும்போதே மைக்ரோபைத்தான் தூக்கிப் போட்டுவிடுகிறது. அடுத்து, மாறிகளின் பெயரைச் சுருக்குவார்கள். அதில் கிடைப்பது சில்லறை. எதைக் குறைக்கலாம் என்று கிளம்பும் முன், எது தீர்ந்துபோனது என்று கேட்க வேண்டும். இந்தச் சின்ன போர்டுகளில் "மெமரி இல்லை" என்ற ஒரே சொல் நாலைந்து வேறு வேறு நோய்களுக்குப் பெயராக இருக்கிறது. அதனால் அறிகுறியைப் பிடித்தே போகலாம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒன்று. பிழையைப் பிடிக்கும் "எக்செப்ட்" போட்டு, அடுத்த வரியில் ஒன்றும் செய்யாதே என்று சொல்லும் "பாஸ்" எழுதியிருந்தால் முதலில் அதை எடுங்கள். என் பெட்டி பேச்சு மூச்சில்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். மெமரி எரர் வந்து வந்து அந்தப் "பாஸ்" வரியில் செத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, பிழையை சிஸ்.பிரிண்ட்_எக்செப்ஷன் மூலம் ஃபிளாஷில் ஒரு சின்னக் கோப்பில் எழுதுங்கள். கோப்பு நாலு கேபி தாண்டினால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டும். பிழைச் செய்தியில் "அலோகேட்டிங்" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பைட் என்று ஓர் எண் வரும். பாதி வைத்தியம் அந்த எண்ணில் இருக்கிறது.

அறிகுறி: ஆன் செய்ததும், இம்போர்ட் வரியிலேயே விழுகிறது

பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணையில் செட்டின் சூட்டையும் ஈரப்பதத்தையும் பார்த்து ஃபேனையும் ஃபாகரையும் ஓட்டும் பெட்டி. செலவைக் குறைக்க இஎஸ்பி8266 போட்டிருந்தோம். அதில் பைத்தானுக்குக் கிடைக்கும் ஹீப், அதாவது நிரல் ஓடும்போது பொருள்களை வைக்கும் ராம் இடம், 40 கேபிக்கும் குறைவு. நிரல் ஒரே கோப்பாக 900 வரி. நேற்றுவரை ஓடியது, திரைக்கு ஒரு மெனு சேர்த்ததும் ஏறவே மாட்டேன் என்றது.

இங்கே தீர்ந்தது நிரல் ஓடுவதற்கான இடம் அல்ல, நிரலை மொழிபெயர்ப்பதற்கான இடம். புள்ளி-பிஒய் கோப்பைக் கொடுத்தால் போர்டே அதைப் படித்து, முழுக் கோப்புக்கும் ஒரு மரம் கட்டி, தான் ஓட்டக்கூடிய பைட்கோடாக மாற்றுகிறது. அந்த மரம் கட்டுகிற நேரத்தில்தான் மூச்சு முட்டுகிறது. கோப்பு பெரிதானால் மரமும் பெரிது. பெரிய கோப்பை மூன்றாகப் பிரித்தாலே சில சமயம் பிழைத்துக்கொள்ளும், ஒவ்வொரு மரமும் வேலை முடிந்ததும் கலைக்கப்படுவதால். பெரிய கோப்பை முதலில் இம்போர்ட் செய்யுங்கள். ஹீப் இன்னும் வெறுமையாக இருக்கும்.

அடுத்த படி, மொழிபெயர்ப்பைக் கம்ப்யூட்டரிலேயே முடித்துக் கொடுப்பது. எம்பிஒய்-கிராஸ் என்ற கருவி புள்ளி-எம்பிஒய் கோப்பைத் தரும். ஃபர்ம்வேரின் (போர்டில் ஏற்றிய மைக்ரோபைத்தானின்) பதிப்பும் கருவியின் பதிப்பும் பொருந்தாவிட்டால் கோப்பை ஏற்காது, பிழையில் அதைச் சொல்லிவிடும். மெயின் கோப்பை மட்டும் புள்ளி-பிஒய் ஆகவே வையுங்கள். அதில் ஒரே ஒரு இம்போர்ட் வரி போதும். எம்பிஒய்-கிராஸில் ஓ3 என்ற கொடி போட்டால் வரி எண்களும் போய் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். நான் போடுவதில்லை. பல்லடத்தில் கோழி செட்டுக்குள் நின்றுகொண்டு, எந்த வரியில் விழுந்தது என்று தெரியாமல் விழிப்பதைவிட அரை கேபி போனால் போகட்டும்.

புள்ளி-எம்பிஒய் போட்டாலும் பைட்கோடு ராமுக்குள்தான் ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மொழிபெயர்க்கும் நேரத்துச் சுமை மட்டும்தான் குறைகிறது. ராமில் ஏறவே கூடாது என்றால் நிரலை ஃபர்ம்வேருக்குள்ளேயே உறைய வைக்க வேண்டும். அதைத்தான் ஃப்ரோசன் மாட்யூல் என்கிறார்கள். பைட்கோடும் மாறாத எழுத்துச் சரங்களும் ஃபிளாஷிலேயே இருந்து ஓடும். ஃபர்ம்வேரைச் சொந்தமாகக் கட்டத் தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான் தலைவலி. 2025-இல் வந்த 1.25 பதிப்பில் ரோம்எஃப்எஸ் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. ஃபர்ம்வேரைக் கட்டாமலே, ஃபிளாஷின் ஒரு பகுதியில் புள்ளி-எம்பிஒய் கோப்புகளை வைத்து அங்கிருந்தே ஓட்டலாம். உங்கள் போர்டில் அதற்கான பகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அரை நாள் வீணானது ஒன்றைச் சொல்கிறேன். உறைய வைத்து ஏற்றியும் இம்போர்ட்டில் அதே இடத்தில் விழுந்தது. ஃபர்ம்வேரை மூன்று முறை கட்டிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் ஃபிளாஷில் அதே பெயரில் பழைய புள்ளி-பிஒய் கோப்பு அப்படியே கிடக்கிறது. தேடும் வரிசையில் கோப்புத்தொகுதியின் வேர் முதலில், உறைந்தவை பிறகு. எம்பிஒய் கோப்புக்கும் இதே கதைதான்: ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் பிஒய்தான் முதலில் எடுபடும். புதியது வைத்தால் பழையதை அழித்துவிடுங்கள்.

அறிகுறி: காலி இடம் ஏராளம், ஆனாலும் மெமரி எரர்

தோப்புப் பெட்டியின் நோய் இதுதான். போனில் கேட்ட அன்றைக்கு, "சாயங்காலம் வந்தர்றனுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனேன். மோட்டார் ரூமில் உரச்சாக்கின் மேல் லேப்டாப்பை வைத்து இணைத்தால், பிழைக் கோப்பில் 2048 பைட் கேட்டுக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. ஜிசி.மெம்_ஃப்ரீ கேட்டால் 38,000 பைட் காலி என்கிறது. முப்பத்தெட்டாயிரம் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் இல்லை என்கிறதே என்று தோப்புக்காரருக்கும் ஆச்சரியம். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது. நானூறு பேர் உட்காரும் கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது இலை காலி. காங்கேயத்திலிருந்து பங்காளிகள் ஆறு பேர் வந்து, ஆறு பேரும் ஒரே வரிசையில் அடுத்தடுத்துத்தான் உட்காருவோம் என்கிறார்கள். இடமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி, "கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உட்காருங்க" என்று சொல்லவும் முடியாது. மைக்ரோபைத்தானின் ஹீப் இப்படிப்பட்ட பந்தி. 32 பிட் போர்டுகளில் இலைக்குப் பெயர் பிளாக், ஒரு பிளாக் 16 பைட். இனி தேவைப்படாத பொருள்களை அகற்றுவதைத்தான் குப்பை அள்ளுவது என்கிறேன்; அப்போது சாப்பிட்டு முடித்த இலைகளை எடுப்பார்கள். உட்கார்ந்திருப்பவரை நகர்த்த மாட்டார்கள். 2048 பைட்டுக்கு ஒரு பஃபர், அதாவது தரவை வைத்துக்கொள்ளும் பாத்திரம், வேண்டுமென்றால் 128 இலை அடுத்தடுத்துக் காலியாக இருந்தாக வேண்டும்.

எத்தனை இலை அடுத்தடுத்துக் காலி என்பதைச் சொல்வது மைக்ரோபைத்தான்.மெம்_இன்ஃபோ. அது அச்சிடும் வரியின் கடைசியில் "மேக்ஸ் ஃப்ரீ எஸ்இசட்" என்று ஓர் எண் வரும். அது பைட் கணக்கில்லை, பிளாக் கணக்கு. பதினாறால் பெருக்க வேண்டும். தோப்புப் பெட்டியில் அது 112. அதாவது 1792 பைட். கேட்டதோ 2048. கதை அங்கேயே முடிந்தது.

இன்னும் கிட்டப் பார்க்க வேண்டுமா, மெம்_இன்ஃபோவுக்குள் 1 என்று கொடுங்கள். ஹீப்பின் வரைபடமே வரும். ஒரு வரிக்கு 64 எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு பிளாக். ஆக ஒரு வரி ஒரு கேபி. புள்ளி என்றால் காலி. சமக்குறி என்றால் முன்னால் இருப்பதன் தொடர்ச்சி. எழுத்து வந்தால் அங்கே ஒரு பொருள் தொடங்குகிறது. பட்டியலுக்கு எல், டூப்பிளுக்கு (மாற்ற முடியாத தொகுப்பு) டி, மிதவை எண்ணுக்கு (தசம எண்) எஃப் என்று போகும். முழுக்கக் காலியான வரிகளை "இத்தனை வரி காலி" என்று சுருக்கிக் காட்டும். நல்ல ஹீப்பில் மேலே நெருக்கமாகவும் கீழே ஒரே வெற்றாகவும் இருக்கும். தோப்புப் பெட்டியில் வரிக்கு வரி டி, சமக்குறி, ஆறு எஃப், அப்புறம் நாலைந்து புள்ளி, மறுபடி டி. அம்மை போட்ட முகம் மாதிரி.

அந்த டியும் ஆறு எஃப்பும் யார் என்று பார்த்தால் என் கைவேலைதான். ஐந்து விநாடிக்கு ஒருமுறை மூன்று வோல்ட்டேஜ், மூன்று கரண்ட் அளந்து, ஆறையும் ஒரு டூப்பிளில் கட்டி, ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனேன். மணிக்கு ஒருமுறை அனுப்பிவிட்டுக் காலி செய்யலாம் என்று. சிக்னல் இல்லாத நேரத்தில் இரண்டு மணி, மூன்று மணி நேரத்துக்கும் சேரும் என்று நினைத்திருந்தேன். அதிகமானால் பழையதை வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். இதன் கணக்கைப் பாருங்கள். இஎஸ்பி32-இல் ஒரு மிதவை எண் ஒரு பிளாக், 16 பைட். ஆறுக்கு 96. டூப்பிளுக்கு 32. ஒரு அளவுக்கு 128 பைட். ஒரு மணி நேரத்துக்கு 720 அளவு, ஆக 92,160 பைட். ஹீப்பே மொத்தம் 1,11,168 பைட்தான். முழு மணி நேரம் ஒருநாளும் சேர்ந்திருக்கவே முடியாது. அரை மணியிலேயே வெட்டு விழுந்துகொண்டிருந்தது, அதையும் "பாஸ்" மறைத்துவிட்டது. இதில் மோசம், இந்த டூப்பிள்கள் நீண்ட நேரம் உட்காரும் ஆட்கள். இரண்டு டூப்பிளுக்கு நடுவே சேதி அனுப்ப எடுத்த தற்காலிகப் பஃபர் போய்விடுகிறது, டூப்பிள்கள் போவதில்லை. நடுவில் ஓட்டை மட்டும் மிஞ்சும். பட்டியலும் தன் பங்குக்கு, நிரம்பும்போதெல்லாம் இரு மடங்கு இடத்தை ஒரே துண்டாகக் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதே நிரல் இஎஸ்பி8266-இல் ஓடினால் மிதவை எண்ணுக்கு ஹீப்பில் இடமே ஆகாது. அந்த போர்டுக்கான கட்டமைப்பில் எண்ணை, பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிக்குள்ளேயே இரண்டு பிட் துல்லியத்தைத் தியாகம் செய்து திணித்துவிடுகிறார்கள். "சின்ன போர்டிலேயே ஓடியது, பெரிய போர்டில் ஏன் விழுகிறது" என்று யாராவது கேட்டால் முதலில் மிதவை எண்ணைத் தேடுங்கள்.

வைத்தியம் எளிது. பெட்டி ஆன் ஆனதும், வேறெதற்கும் முன்னால், 8,640 பைட்டுக்கு ஒரு பைட்அர்ரேயை, அதாவது பைட்களை அடுத்தடுத்து வைக்கும் ஒரே துண்டை, எடுத்து வைத்துக்கொண்டேன். 415.2 வோல்ட் என்பதை 4152 என்று முழு எண்ணாக்கினால் இரண்டு பைட் போதும். ஆறு அளவுக்கு 12 பைட், 720 அளவுக்கு 8,640. ஸ்ட்ரக்ட்.பேக்_இன்டூ கொண்டு உரிய இடத்தில் எழுதிக்கொண்டே போய், கடைசி வந்ததும் திரும்ப முதலிலிருந்து. கவலை ஏற்றச் சால் போல அதே சால்தான் மேலும் கீழும் போய்வருகிறது. தண்ணிக்குத் தண்ணி புதுச்சால் செய்வதில்லை. தொண்ணூறாயிரம் கேட்டது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதில் அடங்கியது, ஒரு மணி நேர அளவும் முழுசாகக் கையில் இருந்தது.

சேதி அனுப்பும் பஃபரையும் அப்படியே ஆரம்பத்தில் ஒருமுறை எடுத்து வைத்தேன். சாக்கெட்டில், அதாவது நெட்வொர்க் இணைப்பில், வாங்கும்போது ரீட் வேண்டாம், ரீட்இன்டூ. ரீட் ஒவ்வொரு முறையும் புதுப்பொருள் செய்யும். ரீட்இன்டூ நீங்கள் கொடுத்த பாத்திரத்திலேயே ஊற்றும். பாதியை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் மெமரிவியூ வழியாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் நகல் உண்டாகும்.

கூட்டல் குறி போட்டுச் சரம் கட்டுவதையும் நிறுத்தினேன். இருபது எழுத்துத் துண்டுகள் முப்பதைக் கூட்டிக் கூட்டி 600 எழுத்துச் சேதி கட்டினால் நடுவில் 20, 40, 60 என்று ஒவ்வொரு படியிலும் புதுச்சரம் பிறக்கும். மொத்தம் 9,300 பைட் எடுத்து 600 பைட் சேதி. ஒரே ஃபார்மேட்டில் கட்டுங்கள், அல்லது பஃபருக்குள் நேராக எழுதுங்கள். வெளியிலிருந்து ஜேசான் வடிவில் தரவு வாங்கும் நிரல்களிலும் இதே தொல்லை உண்டு. பதிலை டெக்ஸ்ட் என்று கேட்டால் முதலில் முழுதும் பைட்டாக வந்து, பிறகு சரமாக இன்னொரு நகல். ஜேசான்.லோடுக்குச் சாக்கெட்டையே கொடுத்தால் வரவர வாசித்துக்கொள்ளும்.

கடைசியாக ஜிசி.த்ரெஷோல்ட். இயல்பில் மைக்ரோபைத்தான் இடம் அறவே தீர்ந்தால்தான் குப்பை அள்ளக் கிளம்பும். அதற்குள் குப்பை கூடம் முழுக்கப் பரவிவிடும். நடுநடுவே உட்காரும் ஆட்களும் கூடம் முழுக்கச் சிதறுவார்கள். பயன்பாட்டில் உள்ளதோடு காலியில் கால் பங்கைக் கூட்டி வரம்பாக வைத்தால் அடிக்கடி அள்ளும், ஆட்கள் ஒரு பக்கமாக நெருங்கி உட்காருவார்கள். கூடவே, வேலையில்லாத தருணத்தில் நீங்களே ஜிசி.கலெக்ட் கூப்பிடுங்கள். நான் சேதி அனுப்பி முடித்ததும் கூப்பிடுகிறேன்.

பெட்டியில் இருந்தது பழைய 1.19 ஃபர்ம்வேர். 2023-இல் வந்த 1.21 முதல் இஎஸ்பி32-இல் ஹீப் சிறிதாகத் தொடங்கித் தேவைக்கு வளரும். அதனால் இந்த அறிகுறி தள்ளிப்போகும், மறையாது. இன்னொரு இடத்தில் போய் முளைக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: நாளுக்கு நாள் காலி இடம் கரைகிறது

முதலில் இது உண்மையிலேயே கரைகிறதா என்று பாருங்கள். மெம்_ஃப்ரீயை மட்டும் கேட்டு ஓர் எண்ணை எழுதி வைப்பதில் அர்த்தமில்லை. அள்ளாத குப்பையும் "பயன்பாட்டில்" என்றுதான் கணக்காகும். எப்போதும் கலெக்ட் முதலில், ஃப்ரீ பிறகு. அப்படி மணிக்கு ஒருமுறை எழுதிய எண் ஏறி இறங்கினால் கவலையில்லை. சரிந்துகொண்டே போனால் எதையோ நீங்கள் கைவிடாமல் பிடித்திருக்கிறீர்கள்.

வழக்கமான குற்றவாளிகள் மூன்று. வரலாறு சேர்க்கும் பட்டியல்: வரம்பு வைத்தால் தீர்ந்தது. இரண்டாவது, ரிக்வெஸ்ட்ஸ் வழியாக எதையாவது கேட்டுவிட்டுப் பதிலை குளோஸ் செய்யாமல் விடுவது. இதில் ஹீப்பைவிட முன்னதாகச் சாக்கெட் தீர்ந்துபோகும், பிழையும் வேறு பெயரில் வரும். மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. மைக்ரோபைத்தான் தான் சந்திக்கும் பெயர்களை எல்லாம் ஒரு தனிப் பட்டியலில் பதிந்து வைக்கிறது. அதன் பெயர் க்யூஸ்டர். அங்கே ஏறியது பெட்டி மறுபடி தொடங்கும்வரை இறங்காது. செல்போனில் வரும் கட்டளையை அப்படியே எவாலுக்கு, அதாவது சரத்தையே நிரலாக ஓட்டும் ஃபங்ஷனுக்கு, கொடுக்கும் நிரல் ஒன்றைப் பழுது பார்த்தேன். நேரத்தை ஒரு புதுப்பெயராகவே கோத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு புதுப்பெயர், ஒவ்வொன்றும் நிரந்தரக் குடி. மைக்ரோபைத்தான்.க்யூஸ்டர்_இன்ஃபோ கேட்டால் எண்ணிக்கை ஏறுவது தெரியும். வெளியிலிருந்து வரும் சரத்தை எவால் செய்வது மெமரிக்காக மட்டுமா தப்பு? யார் வேண்டுமானாலும் உங்கள் மோட்டாரை ஓட்டலாம் என்று கதவைத் திறந்து வைத்த மாதிரி.

அறிகுறி: பைத்தானில் இடம் இருக்கிறது, இணைப்பு மட்டும் விழுகிறது

மெம்_ஃப்ரீ 60,000 காட்டும், மேக்ஸ் ஃப்ரீயும் நன்றாக இருக்கும். ஆனால் டிஎல்எஸ் என்ற பூட்டுப் போட்ட இணைப்பு எடுக்கும்போது ஓஎஸ் எரர், கழித்தல் 17040 என்று ஓர் எண். அதன் வாலில் "அலாக் ஃபெயில்ட்" என்றிருக்கும். பைத்தான் நிரலை எவ்வளவு குறைத்தாலும் போகாது. ஏனென்றால் இங்கே தீர்ந்தது பைத்தானின் ஹீப் இல்லை.

இஎஸ்பி32-இல் 520 கேபி ராம் என்று தாளில் போட்டிருக்கும். அதில் பைத்தானுக்குக் கிடைத்தது ஒரு பங்கு. வைஃபை, நெட்வொர்க், டிஎல்எஸ் எல்லாம் அடியிலுள்ள ஐடிஎஃப் என்ற சிப் தயாரிப்பாளரின் மென்பொருளுக்கான தனி ஹீப்பில் சாப்பிடுபவர்கள். டிஎல்எஸ் பொட்டலம் ஒன்று 16 கேபி வரை வரலாம் என்பதால் அந்த அளவுக்கு ஒரே துண்டு கேட்கும். அந்த ஹீப்பைப் பார்க்க இஎஸ்பி32.ஐடிஎஃப்_ஹீப்_இன்ஃபோ இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு எண் தரும்: மொத்தம், காலி, மிகப்பெரிய காலித் துண்டு, இதுவரை தொட்ட மிகக் குறைந்த காலி. மூன்றாவதையும் நான்காவதையும்தான் நான் பார்ப்பேன்.

மேலே முளைக்கும் என்று சொன்னது இங்கேதான். புதிய ஃபர்ம்வேரில் பைத்தான் ஹீப் வளரும்போது இடத்தை இந்த ஐடிஎஃப் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறது. பைத்தானில் ஊதாரித்தனம் செய்தால் தண்டனை டிஎல்எஸ்ஸுக்கு. மெம்_ஃப்ரீ காட்டும் எண்ணிலும், இனி வளரக்கூடிய இடம் சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆன் ஆனதும் முதல் வேலையாக இணைப்பை எடுங்கள். எடுத்த இணைப்பை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போதெல்லாம் புதிதாக எடுத்து மூடினால் ஒவ்வொரு தடவையும் பெரிய துண்டுக்குப் பிச்சை எடுக்க வேண்டும். ஒரே வளாகத்தில் பத்து இருபது பெட்டி இருந்தால், எல்லாவற்றுக்கும் டிஎல்எஸ் எதற்கு? உள்ளே ஒரு ராஸ்பெரி பை கம்ப்யூட்டரை வைத்துப் பெட்டிகள் அதனிடம் பூட்டில்லாத சாதாரண எம்க்யூடிடி என்ற சேதி முறையில் பேசட்டும், வெளியுலகத்தோடு அது மட்டும் பூட்டுப் போட்டுப் பேசட்டும். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் இப்படித்தான் செய்தோம். உள்வலையில் வேறு யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அறிகுறி: "ஹீப் பூட்டியிருக்கிறது"

அதே யூனிட்டில், வட்டப் பின்னல் மெஷின் எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணும் பெட்டி. ராஸ்பெரி பை பைகோ, 264 கேபி ராம். சென்சார் துடிப்பு வந்ததும் ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் போட்டு, அது அந்தக் கணமே ஓட வேண்டும் என்று "ஹார்ட்" கேட்டிருந்தார்கள். மெமரி எரர், காரணம் "ஹீப் இஸ் லாக்டு". இடம் எக்கச்சக்கமாகக் கிடக்கிறது, ஆனால் ஹார்ட் இன்டரப்ட்டுக்குள் ஒரு பிளாக்கூட எடுக்கக் கூடாது என்பது விதி. அங்கே ஒரு மிதவை எண் பிறந்தால் போச்சு. பட்டியலில் சேர்த்தால் போச்சு. செல்ஃப் புள்ளி என்று ஒரு மெத்தடைச் சுட்டினாலே அதற்கும் ஒரு பொருள் பிறக்கும்.

ஆரம்பத்திலேயே எடுத்து வைத்த அர்ரேயில் முழு எண்ணை ஒன்று கூட்டுவது மட்டும் உள்ளே இருக்கட்டும். மீதியை மைக்ரோபைத்தான்.ஷெட்யூலுக்கு விடுங்கள், அது எடுக்கும் ஃபங்ஷனையும் முன்பே ஒரு மாறியில் போட்டு வையுங்கள். பிழைச் செய்தியே வராமல் போகிறதா, நிரலின் தலையில் அலாக்_எமர்ஜென்சி_எக்செப்ஷன்_பஃப் என்று ஒரு 100 பைட் ஒதுக்குங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த யூனிட்டில் நான் கேட்டது வேறு கேள்வி: நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு சுத்து சுத்துற மெஷினுக்கு ஹார்ட் எதுக்குங்க? அந்தச் சொல்லை எடுத்ததும் சரியாகிவிட்டது.

ரிகர்ஷன் ஆழம் தாண்டியது என்று வரும் பிழையும் மெமரிக் கணக்கில் வந்து சேரும், ஆனால் அங்கே தீர்ந்தது ஸ்டாக், அதாவது ஃபங்ஷன் அழைப்புகளைக் குறித்து வைக்கும் இடம். தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷனை லூப்பாக்குங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: விழவில்லை, ஆனால் அவ்வப்போது திக்குகிறது

குப்பை அள்ளும் நேரத்தில் மற்ற எல்லாம் நிற்கும். சின்ன ஹீப்பில் சில மில்லி விநாடி; யாருக்கும் தெரியாது. மெமரி போதவில்லை என்று சிலர் பிஎஸ்ராம் என்ற 4 எம்பி கூடுதல் வெளி ராம் உள்ள போர்டை வாங்கி மாட்டுவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். எரர் போய்விடும், திக்கல் வந்து சேரும். அள்ள வேண்டிய கூடம் அத்தனை பெரிதாகிவிட்டது, அந்த ராம் உள்ளிருப்பதைவிட மெதுவும்கூட. ஃபேஸ் ஒன்று போனதை உடனே பிடிக்க வேண்டிய பெட்டிக்கு இது ஒத்துவராது. 2013-இல் டேமியன் ஜார்ஜ் கிக்ஸ்டார்ட்டரில் மைக்ரோபைத்தானைத் தொடங்கிய காலத்துப் பைபோர்டில் ராம் 192 கேபி. 16 கேபியிலும் ஓடும்படி கட்டிய மொழிக்கு நாம் எம்பி கணக்கில் தீனி போடும்போது, கை எங்கே நீளுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"ஏனுங்க, வாட்ச்டாக் போட்டுட்டா தானா ரீஸ்டார்ட் ஆயிருமே, இதெல்லாம் எதுக்கு?" என்று பட்டறைப் பையன் கேட்டான். நிரல் உறைந்துபோனால் போர்டை மறுபடி தொடங்க வைக்கும் டைமர்தான் வாட்ச்டாக். கோழி செட்டில் ஃபேன் என்றால் பரவாயில்லை. போர் மோட்டாரில் ரீஸ்டார்ட் ஆகும்போது ரிலே விடும், கான்டாக்டர் விழும், மோட்டார் நிற்கும். உடனே மறுபடி ஸ்டார்ட் ஆனால் காயிலுக்கு ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டிங் கரண்டின் சூடு. ஆயிரம் அடியில் தொங்கும் சப்மெர்சிபிளை ஏற்றி இறக்கும் கூலி, காயில் கட்டும் கூலி எல்லாம் யார் தலையில்?

வாட்ச்டாக் அந்தத் தோப்புப் பெட்டியில் இருக்கிறது, முப்பது விநாடிக்கு. பைகோவாக இருந்தால் 8.3 விநாடிக்கு மேல் வைக்க முடியாது. பெட்டி எப்போது ஆன் ஆனாலும் மெஷின்.ரீசெட்_காஸ் என்ன சொல்கிறது என்று ஃபிளாஷில் ஒரு வரி எழுதும். மோட்டாரைத் தொட ஐந்து நிமிஷம் காத்திருக்கும். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்தவை மூன்று வரி. மூன்றும் நானே ஃபர்ம்வேர் ஏற்றிய நாள்கள்.